பழைய வீடும் புதிய ஊக்கமும்

வீடு என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். நாம் உண்டும் உறங்கியும் வாழும் இடம் வீடு. துன்பங்களினின்றும் விடுபட்ட நிலையும் வீடு. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் மாலையில் தன் வாயிற்படியை மிதித்ததும் அடைகின்ற அமைதியை எண்ணிப் பார்ப்பின், ஒரே சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பது பொருத்தமே என்பது விளங்கும். அவ்வமைதியைத் தரவேண்டிய வீடே ஒழுகியும் விரிசல் கண்டும் இருண்டும் நின்றால், அதில் வாழ்வோர் உள்ளமும் மெல்ல மெல்லச் சோர்வடையும்.

நம் ஊர்களில் பழைய வீடுகள் மிகப் பல. பாட்டனார் கட்டிய வீடு, ஓடு வேய்ந்த கூடம், திண்ணை, முற்றம், கனத்த கதவு ஆகியவற்றோடு இன்றும் பல தெருக்களில் நிற்கிறது. அவ்வீட்டில் வாழ்வோர் பெரும்பாலும் இரண்டு வழிகளையே எண்ணுகின்றனர். ஒன்று, 'இருக்கும் வரையில் இருக்கட்டும்' என்று கவனியாது விடுதல். மற்றொன்று, 'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்' என்று பணம் சேரும் நாளை நோக்கிக் காத்திருத்தல். இரண்டிற்கும் நடுவே மூன்றாம் வழி ஒன்று உண்டு. அதுவே உள்ள வீட்டை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செப்பனிடுதல். நம் முன்னோர் கைக்கொண்ட வழி இதுவே.

அவ்வழியில் செல்லத் தடையாக இருப்பது யாது? பணமின்மை என்று பலர் கூறுவர். அதுவும் ஒரு காரணமே. ஆயினும் அதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. அஃது உள்ளத்தில் உள்ளது. பழைய வீட்டில் குறைகள் ஒன்றிரண்டல்ல. கூரை ஒழுகும், கதவு சாத்தாது, சுவர் பொரியும், குழாய் சொட்டும். இவை யாவற்றையும் ஒருங்கே நோக்குபவன், 'எங்கே தொடங்குவது?' என்று மலைத்து, ஒன்றையும் தொடங்காமலே இருந்துவிடுகிறான். மலைப்பு நாளடைவில் பழக்கமாகிவிடும். பின்னர் ஒழுகும் இடத்தில் வாளியை வைப்பதே வீட்டு வேலையாகிவிடும்.

ஊக்கம் பிறந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் வேலையைத் தொடங்கிய பின்னரே ஊக்கம் வளர்கிறது. திருவள்ளுவர் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்திருக்கிறார். உள்ளக் கிளர்ச்சி, சோம்பலை நீக்குதல், இடைவிடா முயற்சி என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை அவ்வரிசையே நமக்கு உணர்த்துகிறது. கிளர்ச்சி மட்டும் இருந்து கை அசையாவிடில், அக்கிளர்ச்சி ஓரிரவில் அடங்கிவிடும்.

ஆதலின், முதலில் மிகச் சிறிய வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுதல் நன்று. சொட்டும் குழாயையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளில் 86,400 சொட்டுகள் விழும். நான்கு சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல் நீர் வீணாகும். பெரும்பாலும் இதற்குக் காரணம் குழாயினுள் தேய்ந்துபோன சிறு வாசர் ஒன்றே. அதை மாற்ற அரைமணி நேரமும் சில ரூபாய்களும் போதும். அன்றிரவு சொட்டும் ஓசை நின்ற வீட்டில் உறங்குபவன், மறுநாள் கதவின் தாழ்ப்பாளைத் தானாகவே நோக்குவான். ஒரு வேலையின் முடிவு மறுவேலைக்குத் தூண்டுகோலாக அமைகிறது.

அடுத்துச் செய்யவேண்டியது, வீட்டை நன்கு அறிதல். நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும், கையில் ஒரு குறிப்பேட்டுடன் வீட்டை உள்ளும் புறமும் ஒரு முறை சுற்றி வருக. எங்கே ஈரம் பரவியுள்ளது, எங்கே நீர் தேங்கியுள்ளது, எங்கே சுவரில் வெண்மையான உப்புப் பூத்துள்ளது என்பவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் அக்குறைகளை மூன்றாகப் பிரித்து எழுதுக: நாமே செய்யக்கூடியவை, கொத்தனாரோ தச்சரோ செய்யவேண்டியவை, பொறுத்துச் செய்யலாம் என்பவை. மலைபோல் தோன்றிய குறைகள் தாளில் எழுதியதும் எண்ணக்கூடியவை ஆகிவிடும். எண்ணக்கூடியதைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை.

சுவரில் விரிசல் கண்டவுடன் கலங்க வேண்டுவதில்லை. கண்டும் காணாமல் இருத்தலும் கூடாது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, அருகே நாளைக் குறித்து வைக்க. விரிசலின் குறுக்கே மெல்லிய தாள் துண்டு ஒன்றை ஒட்டியும் வைக்கலாம். சில திங்கள் கழித்துப் பார்க்கும்பொழுது, விரிசல் கோட்டைத் தாண்டாமலும் தாள் கிழியாமலும் இருந்தால், அது பழைய விரிசல், பூசி அடைத்துவிடலாம். கோட்டைத் தாண்டியிருந்தால் சுவரோ அடித்தளமோ இன்னும் அசைகின்றது என்பது பொருள். அப்பொழுது பொறியாளரை அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

பழைய வீட்டின் முதற்பகை நீர் என்பதை மறத்தல் ஆகாது. வெயிலும் காற்றும் செய்யாத கேட்டை, வழிதவறிய நீர் செய்துவிடும். ஆகவே வண்ணம் பூசுவதற்கு முன் கூரையை நோக்குக. ஓட்டு வீடாயின், மழைக்காலத்திற்கு முன்பு ஓடு மாற்றும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. உடைந்த ஓட்டை நீக்கி, இடையே சேர்ந்த சருகையும் மண்ணையும் துடைத்து, மரத்தில் உளுத்த ரீப்பரை மாற்றி, ஓட்டை மீண்டும் அடுக்குவர். நாட்டு ஓட்டிற்கு இப்பணி அடிக்கடி தேவைப்படும். மங்களூர் ஓடு எனப்படும் சீமை ஓடு ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளுமாறு அமைந்திருப்பதால், அதற்கு இப்பணி குறைவு. பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையே இவ்வோட்டின் பரவலுக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

மாடித்தளம் உடைய வீடாயின், மழைநீர் வெளியேறும் தூம்பில் இலையும் குப்பையும் அடைத்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் நோக்குக. பறவையின் எச்சத்தில் வந்த சிறு வித்து அது. இன்று இரு விரலால் பிடுங்கக்கூடிய அக்கன்றைப் பத்து ஆண்டுகள் விட்டுவைத்தால், அதன் வேர் சுவரையே பிளந்துவிடும். பின்னர் மரத்தை வெட்டினும் வேர் மீண்டும் தழைக்கும். இளமையில் களையாத குறை முதுமையில் களைதற்கு அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பழைய வீட்டைச் செப்பனிடுவோர், அது யாதினால் கட்டப்பட்டது என்பதை அறிந்த பின்னரே கைவைக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முற்பட்ட நம் வீடுகளிற் பல சுண்ணாம்புக் காரையால் ஆனவை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையிலிட்டுச் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மீது நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகும். இதனை மணலுடன் சேர்த்து அரைத்துச் சுவருக்குப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் மெல்ல ஏற்று, பழையபடி கல்லாகிறது. கல்லிலே தொடங்கிக் கல்லிலே முடியும் இம்மாற்றம் முற்றுப்பெறப் பல திங்கள்களும் ஆண்டுகளும் ஆகும்.

சுண்ணாம்புச் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவர் மழைக்காலத்தில் ஏற்ற ஈரத்தை அத்துளைகளின் வழியே வெயிற்காலத்தில் வெளியேற்றிவிடும். இன்று பலர் இச்சுவரின்மீது கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் பூசிவிடுகின்றனர். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-ஆம் ஆண்டில் உரிமைப் பட்டயம் பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு உறுதி மிக்கது. புதிய கட்டடங்களுக்கு இன்றியமையாதது. ஆயினும் மென்மையான பழஞ்சுவரின்மீது அது போர்வைபோல் மூடிக்கொள்ளும்பொழுது, உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பூச்சுப் பெயர்ந்து விழுகிறது. பழைய சுவர் கெட்டது என்று வீட்டார் பழிப்பர். கெடுத்தது பொருந்தாத மருந்து என்பதை அறியார். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்ற மருந்து.

பழைய மாடித்தளங்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர் கூறும் தளத்தைக் காண்க. தேக்கு உத்திரங்களை இடைவெளி விட்டு அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். அடிக்கும்பொழுது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பர். இறுதியில் தட்டோடு பதிப்பர். பலர் வரிசையாக அமர்ந்து ஒரே தாளத்தில் அடித்த அத்தளங்களிற் சில இன்றும் உறுதியுடன் நிற்கின்றன. அத்தளத்திற்குரிய பகை, உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்தில் தங்கும் ஈரமே. அங்கே மரம் உளுத்துள்ளதா என்று தச்சரைக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை தட்டிப் பார்த்தல் வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்களுக்குச் சென்றவர், ஒரு தெருவின் முனையில் தொடங்கி மறுதெரு வரை நீளும் பெருவீடுகளைக் கண்டிருப்பர். பர்மாத் தேக்கினாலாகிய தூண்கள், முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர்கள், ஆத்தங்குடியில் கையால் வார்த்த வண்ணத் தரைக்கற்கள் என்பன அவற்றின் சிறப்பு. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அங்கே ஒரே தெருவில் இருவகை வீடுகளைக் காணலாம். ஆண்டுதோறும் திறந்து பெருக்கி, ஓடு மாற்றி, கதவுக்கு எண்ணெய் பூசிய வீடு பொலிவுடன் நிற்கிறது. பூட்டிய பூட்டு துருப்பிடித்த வீடோ கூரை சரிந்து நிற்கிறது. ஒரே மரம், ஒரே காரை, ஒரே தொழிலாளர். வேறுபாடு பின்வந்தோர் கையில் இருந்தது.

மரத்திற்குப் பகை கறையான். சுவரில் மெல்லிய மண்கோடு ஏறிச் செல்வதைக் கண்டால், அதைத் துடைத்துவிட்டு அமைதியடைதல் கூடாது. அது தரையிலிருந்து மரத்திற்குச் செல்லும் வழி. ஈரமும் மண்ணும் மரத்தைத் தொடாதவாறு செய்வதே முதற்காப்பு. மழைக்காலத்தில் கதவு இறுகிச் சாத்த மறுத்தால், உடனே இழைப்புளியை எடுத்தல் வேண்டா. ஈரத்தால் உப்பிய மரம் கோடையில் சுருங்கும். அவசரத்தில் இழைத்த கதவு, பங்குனியில் இடைவெளி காட்டி நிற்கும்.

நீரைத் தடுத்து, சுவரையும் மரத்தையும் காத்தபின், ஒளியையும் காற்றையும் வரவேற்போம். பழைய வீடுகளில் முற்றம் வீணாக அமைந்ததன்று. சூடான காற்று அதன் வழியே மேலெழ, வாயில் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். அம்முற்றத்தைத் தகரத்தால் மூடிவிட்டு, பின்னர் வீடு புழுங்குகிறது என்று வருந்துவோர் பலர். மூடிய பலகணிகளைத் திறந்தாலே பாதி இருள் அகலும். உட்சுவர்க்கு வெள்ளையடித்தால், உள்ளே வரும் சிறிதளவு ஒளியும் எதிரொளித்துப் பரவும். மாடித்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசின், அது வெயிலைத் திருப்பியனுப்பி அறையின் வெப்பத்தைக் குறைக்கும். 60 வாட் குண்டு விளக்கு தரும் ஒளியை ஏறத்தாழ 9 வாட் எல்இடி விளக்கு தந்துவிடும். கூரையில் விழும் மழைநீரை நிலத்துள் செலுத்தும் அமைப்பைத் தமிழ்நாட்டரசு 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அவ்வமைப்பு மண்ணடைத்துக் கிடக்கிறதா என்பதையும் நம் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்வோம்.

இவையெல்லாம் யாருக்காக? வீட்டிலுள்ள முதியோரை நினைத்துப் பாருங்கள். முதுமையில் ஒருமுறை தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டும் எழுந்து நடத்தல் பலர்க்கு அரிதாகிவிடுகிறது. பழைய வீட்டின் உயர்ந்த வாயிற்படியும் வழுக்கும் குளியலறையும் இருண்ட நடையும் அவர்களுக்கு அன்றாட ஆபத்துகள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, படியின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு, நடையில் ஒரு சிறு விளக்கு, இம்மூன்றும் பெருஞ்செலவு அல்ல. அவற்றை அமைத்துத் தரும் பேரன், தன் பாட்டியின் கடைசி ஆண்டுகளின் சுதந்திரத்தையே காத்தவனாகிறான். வீட்டை அழகுசெய்வதற்கு முன் இதனைச் செய்க.

மாணவர்கள் செய்யத் தகாதவையும் உண்டு. கூரைமீது ஏறுதல் பழகிய தொழிலாளரின் வேலை. பழைய மின்கம்பிகளைத் தொடுதல் கூடாது; உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு அவற்றை மாற்றி, மின்கசிவு நேரின் உடனே மின்னோட்டத்தை நிறுத்தும் கருவியையும் பொருத்தச் செய்க. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்தலும் அறுத்தலும் தீங்கு. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பல ஆண்டுகளுக்கு முற்பட்ட எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதனை உலர்ந்தபடியே தேய்த்துத் தூசியாக்கல் வேண்டா. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றும் இடத்திற்குச் சிறுவர் செல்லற்க. அது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. அறியாத துணிவை ஊக்கம் என்று கூறுதல் பிழை.

பழம்பொருளைப் போற்றிப் பயன்படுத்திய கட்டடக் கலைஞர் ஒருவரை இங்கே நினைத்தல் தகும். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்த லாரி பேக்கர், 1945-இல் நம் நாட்டிற்கு வந்து, பின்னர்க் கேரளத்தில் தங்கி, எளிய மக்களுக்கு ஏற்ற வீடுகளைக் கட்டினார். காந்தியடிகளைச் சந்தித்தது தம் எண்ணத்தை மாற்றியதாக அவர் கூறியுள்ளார். அருகிலே கிடைக்கும் பொருளைக்கொண்டு கட்டுக என்பதே அவர் கைக்கொண்ட நெறி. இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் பலகணிகளையும் வாங்கித் தம் கட்டடங்களில் அமைத்தார். வீண் செலவு தவிர்க்கும் முறைகளைத் தம் கையாலே படம் வரைந்து சிறு நூல்களாக வெளியிட்டார். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007-இல் மறைந்தார்.

எல்லாப் பழைய வீட்டையும் காத்தே தீரவேண்டும் என்று கூறுதல் நம் கருத்தன்று. தூக்குக் குண்டு தொங்கவிட்டுப் பார்க்கும்பொழுது சுவர் சாய்ந்திருப்பின், உத்திரங்கள் உளுத்து உட்குழிந்திருப்பின், பொறியாளர் இடிக்குமாறு கூறின், தயங்காது இடித்தல் வேண்டும். உயிரினும் பெரிது எந்தச் சுவரும் அன்று. அப்பொழுதும் நல்ல கதவும் தூணும் ஓடும் புதுவீட்டில் இடம்பெறலாம். ஆராயாது காத்தலும் தவறு. ஆராயாது இடித்தலும் தவறு.

வீட்டைச் செப்பனிடுபவன் தன்னையும் செப்பனிடுகிறான். பொறுமையாக நோக்கவும், காரணத்தைத் தேடவும், பெரிய வேலையைச் சிறு கூறுகளாக்கவும், கொத்தனாரிடமும் தச்சரிடமும் பணிவுடன் கேட்டு அறியவும் அவன் பழகுகிறான். தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும், நிலத்தைத் திருத்தும் உழவனுக்கும் வேண்டிய பண்புகள் இவையே. தன் கையால் ஒரு குறையை நீக்கியவன், மற்றொன்றை 'விதி' என்று கூறி ஒதுங்கான்.

மாணவர்களே! உங்கள் வீடு ஓட்டு வீடாயினும் மாடி வீடாயினும், சொந்த வீடாயினும் வாடகை வீடாயினும், அதில் நீங்கள் நீக்கக்கூடிய குறை ஒன்று இருந்தே தீரும். இவ்வாரம் அதனைத் தேடிக் கண்டு, பெரியோரிடம் கூறி, அவர்தம் துணையுடன் நீக்குங்கள். குறிப்பேட்டில் அதன் எதிரே ஒரு கோடு இடுங்கள். அடுத்த கோட்டிற்குரிய ஊக்கம் தானே வரும்.

பயிற்சி

1. 'வீடு' என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை? அவை எவ்வாறு பொருந்துகின்றன?
2. பழைய சுண்ணாம்புச் சுவரின்மீது சிமெண்டுப் பூச்சுப் பூசுவதால் விளையும் கேடு யாது? காரணம் கூறுக.
3. சுவரின் விரிசல் பழையதா, வளர்வதா என்பதை அறியும் முறையை விளக்குக.
4. ஊக்கத்திற்கும் தொடங்கிய வேலைக்கும் உள்ள தொடர்பை ஒரு பத்தியில் எழுதுக.
5. உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, காணும் குறைகளைப் பாடத்தில் கூறியவாறு மூன்றாகப் பிரித்து எழுதுக.